பள்ளிக்கூடத்திலேயே சமைப்பதா, வண்டியில் வரவழைப்பதா: பிள்ளைகளின் மதியச் சோற்றுக்கு எந்த வழி?

சத்துணவுக் கூடத்தின் கூரை ஒழுகும். சுவரில் விரிசல் விட்டிருக்கும். பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, இனி இதற்குள் சமைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதுதான் பேச்சாக இருக்கும். புதுக் கூடம் கட்டித் தரச் சொல்லி ஒன்றிய அலுவலகத்துக்கு மனு எழுதலாம் என்பார் ஒருவர். அதுவரை பக்கத்துப் பள்ளியில் சமைத்து வாங்கிக் கொள்ளலாம் என்பார் இன்னொருவர். ஊர் கொஞ்சம் பெரிதாக இருந்தால், ஒரே இடத்தில் சமைத்துப் பல பள்ளிகளுக்கு வண்டியில் அனுப்பும் பொதுச் சமையற்கூடம் பற்றிப் பேச்சு வரும். "எதுக்கு இந்தத் தலைவலி, பிஸ்கட்டும் பாலும் கொடுத்துடலாமே" என்றும் ஒரு குரல் கேட்கும். "எங்க பிள்ளைக்கு நாங்களே டிபன் கட்டிக்கிறோம்" என்று சொல்லும் பெற்றோரும் உண்டு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடமும் தண்ணீரும் இருக்கிற எந்தப் பள்ளியிலும் அங்கேயே சமைப்பதுதான் பிள்ளைக்கு நல்லது. ஆனால் மற்ற வழிகளுக்கும் நியாயம் இருக்கிறது. சில இடங்களில் அவைதான் சரியாகவும் இருக்கும். எது எங்கே பொருந்தும் என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமே. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படிக்கும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு கொடுக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது. அப்போது சொன்ன அளவு குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம். பிறகு அது தொடக்க வகுப்புக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம் என்றும், நடுநிலை வகுப்புக்கு 700 கலோரி, 20 கிராம் புரதம் என்றும் உயர்ந்தது. பொருளாகச் சொன்னால் தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 345 கலோரி வந்துவிடும். பருப்பில் எழுபது, எண்ணெயில் நாற்பத்தைந்து, காயில் கொஞ்சம். 450 எளிதாகத் தாண்டிவிடுகிறது. ஆக, வயிற்றை நிரப்புவது கடினமில்லை. கடினம் புரதத்தில்தான். அரிசியிலிருந்து ஏழெட்டு கிராம், பருப்பிலிருந்து நாலரை கிராம் என்று 12-ஐ எட்டிப் பிடிக்கிறோம். அந்த 20 கிராம் பருப்பு முழுசாகத் தட்டுக்கு வந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். சாம்பார் நீர்த்துப் போனால் கலோரிக் கணக்குக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, புரதக் கணக்கு படுத்துவிடும். பள்ளி உணவின் தரம் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, பருப்பு எங்கே போகிறது என்பதுதான்.

சரி, சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? வீட்டில் சாப்பிடுவதைத்தானே பள்ளியில் சாப்பிடுகிறார்கள், அதில் என்ன புதிதாக வந்துவிடும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஃபர்சானா அஃப்ரிதி மத்தியப் பிரதேசத்தில் செய்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. பள்ளியில் கிடைக்கிறது என்பதற்காக வீட்டில் அந்த அளவுக்குக் குறைத்துவிடவில்லை. பள்ளி கொடுத்த சத்தில் பாதி முதல் முழுவதும் வரை, பிள்ளையின் அன்றாடக் கணக்கில் கூடுதலாகவே சேர்ந்திருந்தது. ஆந்திராவில் வறட்சிக் காலத்தில் பிறந்து வளர்ச்சி குன்றிய பிள்ளைகள், பள்ளி உணவு கிடைத்த பிறகு அந்தக் குறையில் பெரும்பகுதியை ஈடுகட்டியதாக இன்னொரு ஆய்வு காட்டியது. படிப்புக்கு வந்தால், தனிகா சக்ரவர்த்தியும் ராஜ்ஸ்ரீ ஜெயராமனும் 2019-ல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. ஐந்து ஆண்டு வரை மதிய உணவு கிடைத்த பிள்ளைகள், ஓராண்டுக்கும் குறைவாகக் கிடைத்தவர்களைவிட வாசிப்பில் 18 சதவீதமும் கணக்கில் 9 சதவீதமும் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டில் இது வந்துவிடாது. ஆண்டுக்கணக்கில் நாள் தவறாமல் சாப்பிட்டதில் வந்தது. இந்த "நாள் தவறாமல்" என்ற வார்த்தையை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். எந்த வழியில் சாப்பாடு ஒருநாள்கூட நிற்காமல் வரும் என்பதும் நம் ஒப்பீட்டில் ஒரு முக்கியக் கேள்வி.

முதலில் எளிதில் தள்ளிவிடக் கூடியவற்றைத் தள்ளிவிடுவோம்.

பிஸ்கட், பாக்கெட் உணவு. 2008 வாக்கில் பிஸ்கட் தயாரிப்பாளர்கள், சமைத்த சாப்பாட்டுக்குப் பதிலாகப் பிஸ்கட் கொடுக்கலாமே என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் மூலம் டெல்லியில் அழுத்தம் கொடுத்தார்கள். சத்துணவு வல்லுநர்கள் எதிர்த்தார்கள், அரசும் ஏற்கவில்லை. கெட்டுப்போகாது, எண்ணிக் கொடுக்கலாம், பாத்திரம் கழுவ வேண்டாம் என்பதெல்லாம் உண்மைதான். மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்ந்த ஒன்றுக்கு மேலே கொஞ்சம் வைட்டமின் தூவினால் அது சாப்பாடாகிவிடாது. இந்த வழி வெள்ளம், புயல் வந்து சமைக்கவே முடியாத நாட்களுக்கு மட்டும்.

அரிசியாகவோ பணமாகவோ வீட்டுக்குக் கொடுத்துவிடுவது. இதை நாடே ஒருமுறை செய்து பார்த்திருக்கிறது. 1995 ஆகஸ்ட் 15 அன்று தேசிய அளவில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது, பல மாநிலங்கள் சமைக்காமல் மாதம் 3 கிலோ தானியத்தைப் பிள்ளையின் பெயரில் அளந்து கொடுத்தன. 2001 உத்தரவில் "சமைத்த" என்ற சொல் வந்ததற்குக் காரணமே அதுதான். வீட்டுக்குப் போகும் அரிசி வீட்டு உலையில் எல்லாருக்குமாக வேகும். அதில் தப்பில்லை, ஏழை வீட்டில் அப்படித்தான் நடக்கும், நடக்கவும் வேண்டும். ஆனால் பன்னிரண்டரை மணிக்கு வகுப்பில் பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது உதவாது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது தமிழ்நாட்டில் அரிசி, பருப்போடு முட்டையையும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். அந்த நேரத்துக்கு அது சரி.

அடுத்தது டிபன் பாக்ஸ். இதை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. அம்மா கையால் சமைத்தது, சுத்தமாக இருக்கும், பிள்ளைக்குப் பிடித்ததாக இருக்கும். ஆனால் அந்த டப்பாவைத் திறந்து பாருங்கள். குழம்பு ஒழுகி நோட்டு நனைந்துவிடும் என்பதால் சாம்பார் வராது. காலை ஏழு மணிக்குக் கட்டினால் மதியம் வரை தாங்க வேண்டும். ஆகவே எலுமிச்சை சாதம், தக்காளி சாதம், புளியோதரை, அவசரத்துக்கு நூடுல்ஸ். மூடியைத் திறந்ததும் வாடை அடிக்கும் என்று முட்டையைப் பலர் வைப்பதில்லை. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல், இல்லையென்றால் சிப்ஸ். நன்றாகக் கவனித்தால், அரிசியும் எண்ணெயும் வந்து சேர்கின்றன, பருப்பும் முட்டையும் கழன்றுவிடுகின்றன. வசதியான வீட்டுப் பிள்ளையின் டப்பாவில் இருக்கும் புரதத்தைவிடப் பக்கத்து அரசுப் பள்ளித் தட்டில் இருக்கும் புரதம் அதிகம் என்று சொன்னால் பல பெற்றோருக்குக் கோபம் வருகிறது. வரட்டும், கணக்கு அப்படித்தான் சொல்கிறது. இரவு சுண்டலை ஊறவைத்துக் காலையில் வேகவைத்து ஒரு கைப்பிடி டப்பாவில் போட்டால் இந்தக் குறையில் பாதி தீரும். அரசு உதவி பெறாத தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு வேறு வழியும் இல்லை. பள்ளிக்குள் கேன்டீன் இருந்தால் அங்கே என்ன விற்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவிலும் விற்கக் கூடாது என்று 2020-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்தது. எத்தனை பள்ளி வாசலில் அது நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

அரசுப் பள்ளியில் பிள்ளை படித்தும், சத்துணவு வேண்டாம் என்று வீட்டிலிருந்து கட்டிக் கொடுப்பவர்கள் ஒரு தனி ரகம். சிலருக்கு ருசி காரணம். சிலருக்குச் சமைப்பவர் யார் என்பது காரணம். அதைப் பற்றிக் கீழே பேசுவோம்.

உண்மையான போட்டி இரண்டுக்கும் நடுவில்

மிச்சம் இருப்பவை இரண்டு: பள்ளியில் இருக்கும் சத்துணவு மையம், அல்லது பொதுச் சமையற்கூடம்.

தமிழ்நாட்டுக்குப் பழக்கமானது முதல் வழி. 1920-ல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. 1956-ல் காமராஜர் மதிய உணவைப் பரவலாக்கினார். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். திருச்சி பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கிவைத்தார். இன்றைக்கு நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஒரு சமையல் உதவியாளர் என்பது ஏற்பாடு. பல மையங்களில் இந்த மூன்றில் ஒரு பணியிடம் காலியாகத்தான் கிடக்கிறது. ஒரே அமைப்பாளர் இரண்டு மூன்று மையங்களைக் கூடுதல் பொறுப்பாகப் பார்ப்பது சாதாரணம். இந்த வழியின் முதல் பலவீனம் இதுதான், மறைக்க ஒன்றுமில்லை.

நடப்பது எப்படி என்று கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். காலையில் வருகைப் பதிவு முடிந்ததும் சாப்பிடுகிற பிள்ளைகளின் எண்ணிக்கை அமைப்பாளர் கைக்கு வரும். அறுபது பேர் என்றால் ஆறு கிலோ அரிசி, ஒன்றே கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் பருப்பு, மூன்று கிலோ காய், அறுபது முட்டை. அளந்து கொடுத்துவிட்டுப் பதிவேட்டில் எழுதுவார். பதினொரு மணிக்கெல்லாம் தாளிக்கும் வாசம் மூன்றாம் வகுப்பு ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். அப்புறம் வாய்ப்பாடு யார் காதிலும் ஏறாது என்று ஆசிரியர்கள் சிரிப்பார்கள். சாப்பாடு தயாரானதும் ஓர் ஆசிரியர் முதலில் ருசி பார்க்க வேண்டும். 2015-ல் வந்த மத்திய விதியே அப்படித்தான் சொல்கிறது. மணி அடித்ததும் பிள்ளைகள் கை கழுவிவிட்டுத் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். சாதத்தின்மேல் சாம்பார் விழும் இடத்தைப் பாருங்கள். கரண்டியை மேலாக முகந்தால் தண்ணீரும் முருங்கைக்காயும் வரும். அடிவரை விட்டுக் கலக்கி முகந்தால்தான் பருப்பு வரும். வரிசையின் கடைசியில் நிற்கும் ஐந்தாம் வகுப்புக்குத் தெரியும், "அடியில கலக்கி ஊத்துங்கக்கா" என்று சொல்லும். ஊற்றுகிற அக்காவுக்கும் அந்தப் பிள்ளையைத் தெரியும், அதன் அம்மாவையும் தெரியும். சாம்பார் நீர்த்தால் மறுநாள் காலையில் தண்ணீர்க் குழாயடியில் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எந்த ஆய்வாளரும் வந்து செய்ய முடியாத கண்காணிப்பு இது.

இனி பொதுச் சமையற்கூடம். இதில் இருக்கும் நன்மைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நீராவிக் கொப்பரையில் வேகும் சாதம், விறகுப் புகை கிடையாது. சமைப்பவர்களுக்குத் தலையுறை, கையுறை. தண்ணீருக்குச் சோதனை. மொத்தமாக வாங்குவதால் பொருள் விலை குறையும். சமையலர் ஒருவர் விடுப்பு எடுத்தால் சமையல் நிற்காது. நான் மேலே சொன்ன "நாள் தவறாமல்" என்ற கேள்வியில் நன்றாக நடக்கும் பொதுக்கூடம் பல மையங்களை முந்திவிடும். 2000-ல் பெங்களூரில் தொடங்கிய அட்சய பாத்திரம் அறக்கட்டளைக்கு ஹூப்ளியில் இருக்கும் கூடத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சமைக்கும் வசதி உண்டு. கூடம் கட்டவே இடமில்லாத நெருக்கடியான நகரப் பள்ளிக்கு இது பெரிய உதவி. மத்திய அரசின் வழிகாட்டுதலும், இடமில்லாத நகர்ப்புறப் பள்ளிகளுக்குத்தான் இந்த ஏற்பாட்டைச் சொல்கிறது.

கோளாறு நேரத்தில் இருக்கிறது. அத்தனை பேருக்கு மதியம் சாப்பாடு போக வேண்டுமானால் கூடத்தில் அடுப்பு விடியுமுன் பற்ற வேண்டும். வடித்த சாதம் பாத்திரத்தில் அடைபட்டு, வண்டியில் ஏறி, போக்குவரத்தில் நின்று, பள்ளி பள்ளியாக இறங்கும். சமைத்த சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி மணிக்கணக்கில் இருந்தால் அதில் பேசில்லஸ் செரியஸ் போன்ற கிருமிகள் பெருகும். அவை உண்டாக்கும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் முழுதாகப் போகாது. ஆகவே சூடு தாங்கும் பாத்திரமும், வழித்தட நேரமும், பள்ளியில் இறக்கியதும் வெப்பமானி வைத்துப் பார்க்கும் ஆளும் கட்டாயம் வேண்டும். இந்த மூன்றும் ஒப்பந்தத் தாளில் இருக்கும். பள்ளி வாசலில் இருக்கிறதா என்பதுதான் விஷயம். இன்னொன்று, காலையிலேயே அளவு முடிவாகிவிடுவதால் அன்றைக்குப் பத்துப் பிள்ளைகள் கூட வந்தால் தட்டில் குறையும், பத்துப் பேர் வராவிட்டால் மிச்சம் குப்பைக்குப் போகும். சாம்பார் நீர்த்து வந்தால் யாரைக் கேட்பது? வண்டி ஓட்டுநர் இறக்கிவிட்டு அடுத்த பள்ளிக்குப் போயிருப்பார்.

பாதுகாப்பு: எளிதில் முடிவு சொல்ல முடியாத இடம்

பெற்றோர் மனத்தில் இருக்கும் பெரிய பயம் இது. இங்கே இரண்டு தரப்புமே கசப்பான உண்மைகளை ஒப்புக்கொள்ள வேண்டும்.

2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் மாண்டார்கள். கீற்றுக் கொட்டகையில் சத்துணவு சமைத்த இடத்திலிருந்துதான் தீ பரவியது. 2013-ல், அதே ஜூலை 16 அன்று, பீகாரின் கண்டாமன் கிராமத்தில் பள்ளிச் சாப்பாட்டில் பூச்சிமருந்து கலந்து 23 பிள்ளைகள் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் சமையல் நடந்தது பள்ளியில்தான். ஊர்க் கண் இருந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டு ஓலைக்கூரையின் கீழ் விறகடுப்பு வைத்திருந்தால், எண்ணெய் எந்த டப்பாவில் இருந்தது என்று பார்க்காவிட்டால், அந்தக் கண்ணால் பயனில்லை. பள்ளியில் சமைப்பது என்று முடிவெடுத்தால் அது வகுப்பறையிலிருந்து தள்ளி நிற்கும் கான்கிரீட் கட்டடமாகவும், கேஸ் அடுப்பாகவும், பூட்டுப் போட்ட பொருள் அறையாகவும் இருக்க வேண்டும். இது இல்லாத இடத்தில் என் கட்சிக்கு வாக்குக் கேட்க மாட்டேன்.

பெரிய ஏற்பாட்டில் ஆபத்து வேறு வகை. தவறு நடப்பது அபூர்வம், நடந்தால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்களைத் தொடும். 1996-ல் ஜப்பானின் சக்காய் நகரில் பள்ளி உணவு மூலம் ஓ157 கிருமி பரவி ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நோயில் விழுந்தார்கள், சிலர் இறந்தார்கள். பள்ளி உணவுக்கு 1954-லேயே சட்டம் போட்டு, அதைப் பாடத்தின் ஒரு பகுதியாகவே நடத்தும் நாடு அது. அங்கே பொருட்களை நகரம் முழுவதற்கும் மொத்தமாக வாங்கியதால்தான் ஒரே தொற்று அத்தனை பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. பள்ளிச் சமையலா மையச் சமையலா என்ற இதே வாதம் ஜப்பானில் இன்றைக்கும் ஊருக்கு ஊர் நடக்கிறது என்பது ஒரு தகவலுக்காக.

முட்டை இருக்கிறதா?

ஒப்பீட்டில் எனக்குத் தராசு சாயும் இடம் இது. தமிழ்நாட்டில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, படிப்படியாக ஏறி, 2010-லிருந்து பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். மேலே போட்ட 12 கிராம் கணக்கு ஒரே வீச்சில் 18 ஆகிவிடுகிறது. அரிசியும் பருப்பும் தர முடியாத பி12, வைட்டமின் ஏ எல்லாம் கூடவே வரும். வாழைப்பழத்தில் புரதம் ஒரு கிராம்தான். அதை மாற்றாகச் சொல்வது மரியாதைக்காக. சைவ வீட்டுப் பிள்ளைக்கு நியாயமான மாற்று என்றால் கூடுதல் சுண்டலோ பாலோதான்.

முட்டைக்கு இன்னொரு குணமும் உண்டு. அதை நீர்க்க வைக்க முடியாது, பாதியாகக் குறைத்து ஊற்ற முடியாது. அறுபது பிள்ளைக்கு அறுபது முட்டை, யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்த்துவிடலாம். சின்னதாக இருந்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையே வீட்டில் வந்து சொல்லிவிடும்.

அட்சய பாத்திரம் தன் மத நம்பிக்கைப்படி முட்டை சமைப்பதில்லை. வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை. சத்து அளவுகோலுக்குள்தான் அந்த உணவு இருக்கிறது என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2019-ல் சொன்னது, அதை மறுத்தும் பலர் எழுதினார்கள். அளவுகோல் என்பது குறைந்தபட்சம்தானே. வடகர்நாடக மாவட்டங்களில் 2021 டிசம்பரில் முட்டை தொடங்கிய பிறகு, முட்டை கிடைத்த யாத்கிர் மாவட்டப் பிள்ளைகளையும் கிடைக்காத கதக் மாவட்டப் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். யாத்கிர் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், கூடுதலாக எடை போட்டிருந்தார்கள். வீட்டில் முட்டை சாப்பிடும் பிள்ளைக்குப் பள்ளியில் முட்டை இல்லை என்று ஆக்குவதற்குச் சமைப்பவரின் நம்பிக்கை எனக்குப் போதுமான காரணமாகத் தெரியவில்லை. பொதுக்கூடம் என்றாலே முட்டை இல்லை என்று அர்த்தமில்லை, உள்ளாட்சியே நடத்தினால் முட்டையும் போகலாம். ஆனால் யார் நடத்துகிறார்கள் என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

வெங்காயம் பூண்டு விஷயம் சத்தைவிட ருசி சார்ந்தது. வீட்டுச் சாப்பாட்டின் வாசம் இல்லாத சோற்றைப் பிள்ளை மிச்சம் வைக்கும். தட்டில் மிச்சம் வைத்த சத்து கணக்கில் வராது. 2013 முதல் தமிழ்நாட்டு மையங்களில் காய்கறி பிரியாணி, மிளகு முட்டை, கொண்டைக்கடலைப் புலாவ், கறிவேப்பிலை சாதம் என்று கலவைச் சாதங்களைக் கொண்டுவந்ததற்கும் காரணம் இதுவே.

இரும்புச்சத்தை மட்டும் எந்தச் சமையற்கூடமும் தனியாகச் சாதித்துவிட முடியாது. நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அந்தக் குழந்தைகள்தான் பள்ளிக்கு வருகிறார்கள். ரத்தசோகை உள்ள பிள்ளை சோம்பலாகத் தெரியும், பாடத்தில் மனம் நிற்காது. இதற்குக் கீரையோடு வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரையும், குடற்புழு நீக்க மாத்திரையும் வேண்டும். வெறும் வயிற்றில் இரும்பு மாத்திரை போட்டால் குமட்டும் என்பதால் சாப்பிட்ட பிறகு கொடுப்பது நல்லது. சத்துணவு இருக்கும் பள்ளியில் அது சுலபம்.

உடன் உட்கார்ந்து உண்பது

மேலே தள்ளி வைத்த விஷயத்துக்கு வருவோம். சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பிள்ளையைச் சாப்பிட விடாத பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் எட்டயபுரம் பக்கத்தில் உள்ள உசிலம்பட்டியில் அரசின் காலை உணவுத் திட்டத்தை வைத்து இந்தப் பிரச்சினை கிளம்பி, நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் தணிந்தது.

பொதுக்கூடத்திலிருந்து வண்டியில் வந்தால் இந்தச் சண்டையே வராதே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், சமைப்பவர் முகம் தெரியாது. எனக்கு அது ஒரு நன்மையாகப் படவில்லை. ஊரிலேயே ஒரு பெண்ணுக்குக் கிடைத்த வேலையையும், அவர் கையால் எல்லாப் பிள்ளைகளும் சாப்பிடுவதையும் சேர்த்தே அது எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. இந்த இடத்தில் பள்ளி நிர்வாகத்துக்குத் தேவை வண்டி இல்லை, கொஞ்சம் முதுகெலும்பு.

காலை உணவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போய், பிறகு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. முதல் கட்டத்தில் மாநிலத் திட்டக்குழு பார்த்த 1,543 பள்ளிகளில் 1,319-ல் வருகை கூடியிருந்தது. கிராமப் பள்ளிகளில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். சமைப்பவரின் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள் பாருங்கள், இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அது. தன் பிள்ளையும் தின்னப்போகும் உப்புமாவில் யாரும் எண்ணெயைக் குறைக்க மாட்டார்கள். கூடம் கட்டுவதா என்ற கணக்கும் இதனால் மாறிவிட்டது. முன்பு ஒரு வேளைக்காகக் கட்டினோம், இப்போது அதே அடுப்பு இரண்டு வேளைக்கு எரிகிறது.

ஆக, கூட்டத்தில் என்னைக் கேட்டால் இப்படித்தான் சொல்வேன். ஐம்பது பிள்ளைகளுக்கு மேல் இருந்து, வளாகத்தில் இடமும் குழாயும் இருந்தால் புதுக் கூடத்துக்கு மனு எழுதுங்கள், வேறு பேச்சே வேண்டாம். கிராமமாக இருந்தால் கிராமசபையில் தீர்மானமாகவும் போட்டு வையுங்கள், வெறும் மனுவைவிட அதற்குக் கனம் அதிகம். கட்டி முடியும்வரை பக்கத்துப் பள்ளி மையத்தில் சமைத்து வாங்கலாம், நடந்து தூக்கி வரும் தொலைவுக்குள் இருக்கும் மட்டும். பத்துப் பதினைந்து பிள்ளைகளே உள்ள பள்ளிக்கு நிரந்தரமாகவே அதுதான் சரி. அத்தனை சிறிய பள்ளிக்குத் தனிச் சமையலர் கேட்டால் அந்தப் பணியிடம் காலியாகத்தான் கிடக்கும். நகரத்தில் மாடிக் கட்டடமும் தெருவும் மட்டுமே இருக்கிற பள்ளிக்குப் பொதுக்கூடத்தை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அதை உள்ளாட்சியே சுய உதவிக் குழுக்களை வைத்து நடத்தட்டும். ஒரே பெரிய கூடத்துக்குப் பதில் பகுதிக்கு ஒன்றாகச் சிறு கூடங்கள் இருந்தால் இன்னும் நல்லது. முட்டையும் வெங்காயமும் இருக்க வேண்டும். வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை மணிக்கு வந்தது, இறக்கும்போது சூடு எவ்வளவு என்று பள்ளியில் ஒரு நோட்டு வைத்து எழுத வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து ஆறிப்போய் வந்தால் ஒப்பந்தத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடம் கட்ட ஒப்புதல் வந்துவிட்டால், வரைபடத்தில் பொருள் அறைக்குத் தனிக் கதவும், பாத்திரம் கழுவும் இடத்தில் தண்ணீர் வடியச் சாய்வும் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். இந்த இரண்டையும் ஒப்பந்தக்காரர்கள் மறப்பது வழக்கம். சிமெண்ட் காய்ந்த பிறகு சொன்னால் யாரும் இடிக்க மாட்டார்கள்.